மாப்பிள்ளைக்கு ஏற்ற ஆற்றங்கரை

2 மார்ச் 1977, புதன்

பாலைவனத்திலிருந்து வரும் வடக்குக் காற்று. தார் உருகும் வெயில். ரயிலில் ஜன்னலைத் திறந்தாலும் நெருப்பு, மூடினாலும் நெருப்பு. வீட்டுக்கு வந்து கால் இரண்டையும் வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சாப்பாட்டு மேசையில் அப்பாவின் அறிவிப்பு. எனக்கு இன்னொரு பெடியன் பார்த்திருக்கிறாராம். பெயர் கணேசலிங்கம். முப்பத்து மூன்று வயது. கொழும்பில் இரசாயனம் படித்தவர், இங்கே ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் ஆய்வுகூட வேலை. சனிக்கிழமை தேநீருக்கு வருகிறார். அதற்கடுத்த கிழமை நீண்ட விடுமுறை. வழக்கம்போலக் காடு.

"ரெண்டு நாள் கூடாரத்தில வைச்சுப் பார்த்தா ஆள் ஆரெண்டு தெரிஞ்சுபோம்."

அப்பா இளமையில் வன்னிக் காட்டில் குளம் அளந்த எஞ்சினியர். மனிதர்களை எடைபோட வேறு தராசு தெரியாது. மெல்பேர்ணுக்கு வந்து இன்னும் சொந்த வீடு வாங்கவில்லை. கூடாரம் மூன்று வாங்கிவிட்டார்.

அம்மா கறிச்சட்டியைத் தட்டென்று வைத்தார். "மற்ற ஆக்கள் சாதகம் பார்க்கினம். இந்த மனுசன் கூடாரம் அடிச்சுப் பார்க்குது."

"இடத்தை நீ பார், பவா."

எப்போதும் நான்தான் பார்ப்பது. வரைபட அலுவலகத்தில் காட்டு வீதிகளையும் ஆறுகளையும் மையில் வரைகிற வேலை எனக்கு. எந்தத் திடலில் நிழல், எதில் சேறு, எங்கே குழிக் கக்கூசாவது இருக்கிறது, எங்கே அதுவும் இல்லை, எல்லாம் விரல் நுனியில்.

ஜனவரியில் சிட்னியிலிருந்து என்னைப் பார்க்க வந்த கணக்காளர் மாப்பிள்ளைக்கு மேற்கே மழைக்காட்டில் ஓர் ஓடைக்கரையைப் பார்த்துக் கொடுத்தேன். அட்டைகளின் இராச்சியம். மனிதர் இரவு முழுவதும் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே குந்தியிருந்தார். விடியும்போது இமையில் ஒன்று தொங்கியது. அந்த அலறலுக்குக் காடே பேச்சடங்கிப் போயிற்று. உப்புப் போத்தல் என் பையில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை.

"காருக்குள்ள படுத்தவன் எங்களுக்கு என்னத்துக்கு," என்றார் அப்பா. கதை முடிந்தது. எவ்வளவு சுலபம்.

3 மார்ச், வியாழன்

காற்று மாறிவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் குளிர்.

மதியம் மார்கரெட் தொலைபேசியில். நடைக் கழகத்தின் செயலாளர். ஈஸ்டர் நடைக்கு எனக்கு இடம் உண்டாம். வல்ஹல்லாவில் தொடங்கி மலை முதுகு வழியே வடக்கே போகும் நெடும்பாதை. ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஆறு. முதுகில் எல்லாச் சாமானும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. வெள்ளைக்காரரோடு, அதுவும் ஆண்கள் பாதிப்பேர், காட்டில் பத்து நாள். அப்பாவின் கூடாரத்துக்குள் அந்த அளவுக்கு இடமில்லை.

கலியாணம் கட்டினால் அதுவும் இல்லை. ஆகவே உருளுகிற மாப்பிள்ளைத் தலைகள் உருளட்டும்.

வாங்க வேண்டியவை: கம்பளிக் காலுறை, அடுப்புக்கு மெதிலேற்றட் ஸ்பிரிட், உலர்ந்த அப்ரிகொட். அம்மாவுக்கு வெந்தயம்.

5 மார்ச், சனி

வந்தார். உருண்டை முகம், உருண்டை வயிறு, போத்தல் அடிபோலக் கண்ணாடி. கதிரை ஒருமுறை முனகியது. இனி இந்தக் குறிப்பில் அவர் பெயர் உருளை. சுருக்கமாக உ.

வடை சாப்பிட்டார். பிறகும் சாப்பிட்டார். நான் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தேன், எங்கே நிற்பார் என்று பார்க்க. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் போதுமெண்டு சொல்லுமட்டும் நான் சாப்பிடுவன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது," என்றார். அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகிடி விடுகிற மனிதர்களை விரட்டுவது கடினம்.

அப்பா: "தம்பி காட்டுப் பக்கம் போறனீங்களோ?"

"இல்லை அங்கிள். தண்ணிக்குத்தான் பயம். நீந்தத் தெரியாது. மற்றும்படி எங்க கூப்பிட்டாலும் வருவன்."

நன்றி, உ. இடத்தை நீரே சொல்லிவிட்டீர்.

8 மார்ச், செவ்வாய்

தூறல். மேசை விளக்கில் வேலை.

லிக்கோலாவுக்கு மேலே மக்காலிஸ்டர் ஆற்றின் வரைபடத் தாளை எடுத்து விரித்தேன். கார் ஒரு வளைவோடு நின்றுவிடும். பிறகு நடைதான். பாதை ஆற்றை இரண்டு தரம் கடக்கிறது. பாலம் இல்லை. முதல் கடவை அகலம், கூழாங்கல். இரண்டாவது ஒடுக்கம், பாறை, இழுவை. அதற்கு அப்பால் சின்னப் புல்திடல். கக்கூசு இல்லை. மேசை இல்லை. எட்டிப் பார்க்க ஒரு சனம் இல்லை.

அடுத்த மேசை வரைஞர், கிழவர், தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மலையில் மழை விழுந்தால் முழங்கால் தண்ணீர் அன்றைக்கே தொடைக்கு வந்துவிடும், அந்தத் திடலில் தங்கினால் வானத்தில் ஒரு கண் வைத்திரு என்றார். நன்றி சொன்னேன். வானிலை விசாரித்தேன். ஞாயிறு மழைக்கு வாய்ப்பு.

அப்பாவிடம் சொன்னேன்: "அருமையான இடம். ஆற்றங்கரை." அப்பாவின் முகத்தில் வெளிச்சம். பாவம்.

பயப்படுகிற ஆண்களைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. இதை வேறு எங்கே எழுதுவது.

12 மார்ச், சனி. திடலில், மாலை.

வெயில், பெரிய ஈக்கள், காலுறைக்கு மேலாலும் கடிக்கின்றன. அம்மா வரவில்லை. "பொம்பிளைப் பிள்ளையை நடுக்காட்டுக்கு..." என்று தொடங்கியவரை, "நான்தான் நடுவில படுப்பன்," என்று அப்பா அடக்கிவிட்டார்.

உ. கொண்டு வந்தவை: மடிப்புக் கலையாமல் பெட்டி போட்ட தலையணை உறை, பிரஷர் குக்கர், தானே இடித்த மிளகாய்த்தூள், ஒரு குடை. மலை வளைவுகளில் காரை நிறுத்தச் சொல்லி இரண்டு தரம் வீதியோரம் குனிந்து சத்தி எடுத்தார். ஒவ்வொரு தரமும் அப்பாவிடம் மன்னிப்பு. காரை ஓட்டியது நான். வளைவுகளில் பிரேக்கைத் தொடவில்லை.

முதல் கடவையில் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் கட்டினார். சப்பாத்தோடு இறங்கினால்தான் கல் வெட்டாது. நான் சொல்லவில்லை. மறுகரையில் பாதத்தில் இரத்தம். "பரவாயில்லை, ஆறு என்னை ருசி பார்க்குது," என்றார்.

இரண்டாவதில் விழுந்தார். பாறையில் கால் சறுக்கி, முழு உடம்பும் தண்ணீருக்குள். அப்பா சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்து எடுத்தார். எழும்பி நின்றபோது கண்ணாடி இல்லை.

இரண்டு கையாலும் முகத்தைத் தடவினார். பிறகு மெதுவாக, "அங்கிள், இப்ப எனக்கு நீங்கள் ஒரு நிழல்," என்றார்.

அப்பா அரை மணித்தியாலம் தேடினார். மாற்றுக் கண்ணாடி வீட்டில்.

இருட்டுவதற்கு முன் தண்ணீர் எடுக்கக் கேத்தலோடு கீழே போனேன். வேரில் ஒரு காது கொழுவியபடி கண்ணாடி. ஒரு பக்கத்தில் கீறல், மற்றும்படி முழுசு. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் எடுத்தேன். சத்தியமாக. மேலே வந்தால், அவர் தடவித் தடவி வெங்காயம் வெட்டிக்கொண்டு, அப்பாவோடு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "கண் தெரியாட்டி ஒரு வசதி அங்கிள், வெங்காயம் எரிக்கிறதும் தெரியேல்லை." அப்பாவும் சிரித்தார். ஐந்து வருடத்தில் அப்பா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டேன்.

13 மார்ச், ஞாயிறு

காலையில் சாம்பல் வானம். மதியத்திலிருந்து மழை. எங்களுக்கு மெல்லிய மழை, மலை உச்சியில் கறுப்பு.

கண்ணாடி இல்லாமலே அடுப்பு மூட்டினார். குக்கரில் சோறு, பருப்பு, நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. அப்பா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இந்தப் பெடியன் பாஸ்," என்று என் காதில் கிசுகிசுத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

நான் கரையில் ஒரு குச்சியை நட்டுத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மரங்களைத் தொட்டுத் தொட்டு என் பக்கம் வந்தார். நேராக அல்ல, கொஞ்சம் தள்ளி, ஒரு மரக்குற்றியைப் பார்த்துக் கதைத்தார்.

"பவானி, அதில இருக்கிறது நீரோ, மரமோ?"

"இஞ்சால."

"ஒரு கேள்வி. உமக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ?"

குச்சியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தேன்.

"விருப்பமில்லாட்டி வெட்கப்படாமச் சொல்லும். நானே அங்கிளிட்ட, எனக்கு வேண்டாமெண்டு சொல்லுறன். உமக்கு ஒரு ஏச்சும் விழாது."

அவ்வளவுதான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். விருப்பமில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஈஸ்டருக்கு நான் போகலாம், இவரும் நிம்மதியாகப் போகலாம். ஆனால் சொன்ன கையோடு கண்ணாடியையும் கொடுக்க வேண்டும். எங்கே எடுத்தனீர், எப்ப எடுத்தனீர். இப்போதுதான் கண்டேன் என்று ஒரு பொய். அதுகூட வாயில் வரவில்லை. இன்னொன்றும். நல்லவராக இருந்து என்னை வெல்லப் பார்க்கிறார் என்று ஒரு எரிச்சல்.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றேன்.

"ஓம், யோசியும்," என்றார், என் தோளுக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்து.

குச்சி முழுகிவிட்டது.

15 மார்ச், செவ்வாய். ஆஸ்பத்திரி விறாந்தை.

நேற்று எழுத முடியவில்லை.

திங்கள் காலை ஆறு மண் நிறம். சத்தம் வேறு. அப்பா ஒரு தடியின் ஒரு நுனியைப் பிடிக்க, மற்ற நுனியைக் கணேசலிங்கம் பிடித்தார். குருடரைக் கூட்டிப் போவதுபோல. நான் முன்னால். ஒடுக்கமான கடவையைக் கடந்தாயிற்று. அப்பா கரையில் ஏறி, பின்னால் வருகிறவருக்கு இடம் சொல்லத் திரும்பினார். "இதில பாறை, தம்பி, இஞ்சால காலை..."

அப்பாவின் கால்தான் போயிற்று. இரண்டு கல்லுக்கு நடுவில். கேட்ட சத்தம் விறகு முறிகிற சத்தம்.

எலும்பு வெளியே தெரிந்தது. அப்பா அலறவில்லை. "அம்மா, அம்மா, அம்மா" என்று சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னார். கணேசலிங்கம், "என்ன நடந்தது? ஆராவது சொல்லுங்கோ, என்ன நடந்தது?" என்று நாலு பக்கமும் கையை வீசினார். நான் சொன்னேன். கையால் தடவிப் பார்த்தார், முழங்காலிலிருந்து கீழே, மிகவும் மெல்ல. விரலில் எலும்பு பட்டதும் நிறுத்தினார். பெட்டி போட்ட தலையணை உறையைக் கிழித்துக் கட்டினார். குடைக் கம்பு காலை அசையாமல் பிடிக்கும் கட்டையாயிற்று.

"அங்கிள், என்ர முதுகில ஏறுங்கோ. பவானி, முன்னால போம். ஒவ்வொரு அடிக்கும் சொல்லும்."

சொன்னேன். கல். வேர். இடது. பள்ளம். மேடு. அப்பாவின் தலை அவர் தோளில் ஆடியது. நான் உருளை என்று எழுதிய அந்த உடம்பு ஒருமுறைகூடத் தளம்பவில்லை. மூச்சு மட்டும் துருத்திபோல. இரண்டு தரம் நான் பிந்திச் சொன்னேன், இரண்டு தரமும் மரத்தில் மோதினார். அப்பாவின் கால் படாமல் தன் முகத்தைக் கொடுத்து மோதினார். சொண்டு வெடித்து வாயெல்லாம் இரத்தம்.

என் சட்டைப்பையில் கண்ணாடி. ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சில் தட்டியது. இப்ப கொடுப்பம், அந்த மரத்தடியில் கொடுப்பம், அடுத்த வளைவில் கொடுப்பம். ஒரு மணித்தியாலம் இப்படி நடந்தேன். இதைவிடக் கேவலமாக நான் ஒன்றும் செய்ததில்லை, இனியும் செய்ய இடமில்லை.

அகலமான கடவை. தொடைக்கு மேல் தண்ணீர். நடுவில் மரக்கொப்புகள் உருண்டுகொண்டு வந்தன. அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இனிச் சொல்லிக் கடக்க முடியாது.

பொத்தானைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து, அவர் காதில் நானே மாட்டினேன். அவருடைய இரண்டு கையும் அப்பாவின் தொடையைப் பிடித்திருந்தன.

கண் சிமிட்டினார். ஆற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் திறந்திருந்த சட்டைப்பையைப் பார்த்தார். ஏசியிருக்கலாம்.

அப்பா அரை மயக்கத்தில், "கண்ணாடி எங்கால தம்பி?" என்றார்.

"என்ர பைக்குள்ள கிடந்தது, அங்கிள். நான்தான் வடிவாப் பார்க்கேல்லை."

கடந்தார். நீந்தத் தெரியாத மனிதர், தொடைக்கு மேல் ஓடும் தண்ணீரில், முதுகில் ஓர் ஆளோடு. நான் பின்னால் அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு.

கார் நான்தான் ஓட்டினேன். பின் ஆசனத்தில் அப்பாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு அவர். காரின் பின்பார்வைக் கண்ணாடியில் இரண்டு தரம் அவரைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவுகளில் பிரேக் பிடித்தேன். சத்தி எடுக்கவில்லை.

19 மார்ச், சனி

மெல்பேர்ணுக்கு மாற்றிவிட்டார்கள். கணுக்காலில் இரும்புத் தகடு. வைத்தியர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னது: எலும்பு பொருந்தும், ஆனால் கரடுமுரடான நிலத்தில் நடப்பதை மறந்துவிடலாம். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் தாதிமாருக்கெல்லாம் காட்டுக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். "மை சன் இன் லோ கரீட் மீ," என்கிறார், மருமகன் சுமந்தாராம். அழுகிறார். திரும்பவும் சொல்கிறார்.

பின்னேரம் கணேசலிங்கம் வந்தார். சொண்டில் தையல். ஒரு போத்தலில் சொதி. அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நாள் பாப்பம், தம்பி," என்றார்.

"அங்கிள், இது சரிவராது. எனக்கு வேண்டாம்."

அப்பாவுக்கு விளங்கவில்லை. பகிடி என்று சிரித்தார். பிறகு, "ஏன்? எங்களில என்ன குறை?"

"உங்களில ஒரு குறையும் இல்லை."

"அப்ப ஆரில?"

"என்னில எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். எனக்கு ஒரு ஏச்சும் விழவில்லை. அப்பா கையை விட்டார். சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றார். கால் கட்டில் கம்பியில் தூக்கிக் கட்டியிருந்தது. திரும்ப முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

லிப்டடியில் கணேசலிங்கத்தை மறித்தேன். மன்னிப்பு என்று ஒரு சொல் தமிழில் எவ்வளவு நாடகமாக இருக்கிறது. சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தாள். வெரிபீயில் அவருடைய தங்கை குடும்பம் இருப்பதாகவும், பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போக விருப்பம் என்றும் திடலில் அப்பாவிடம் சொல்லியிருந்தார். நான் ஒருவருக்கும் காட்டாத ஓர் இடத்தை அவருக்காக வரைந்து கொண்டு வந்திருந்தேன். மர நிழல், மணல், கணுக்கால் ஆழத் தண்ணீர், கார் கரைவரை போகும். எனக்கென்று வைத்திருந்த இடம்.

"பிள்ளையளுக்கு நல்லா இருக்கும்," என்றேன்.

வாங்கி முழுவதையும் பார்த்தார். கோடுகளை விரலால் தொடர்ந்தார். வடிவாக மடித்து என் கையில் திருப்பி வைத்தார்.

"நீங்கள் காட்டுற இடத்துக்கு நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகமாட்டன், பவானி."

இரண்டாவது தேநீரை வேண்டாம் என்கிற குரல். 'நீர்' திரும்பவும் 'நீங்கள்' ஆகிவிட்டது.

லிப்ட் வந்தது. போய்விட்டார்.

23 மார்ச், புதன்

குளிர். இலை விழத் தொடங்கிவிட்டது.

மார்கரெட்டுக்குச் சொன்னேன், ஈஸ்டருக்கு வர முடியாது என்று. அப்பாவைக் கழுவ, தூக்க, ஆள் வேண்டும். "ஓ, வாட் எ பிட்டி," என்றாள். என் இடத்துக்கு ஏற்கனவே ஒருத்தி வரிசையில் நிற்கிறாளாம்.

அலுவலகத்தில் மக்காலிஸ்டர் தாளில் மை ஊற்றிவிட்டேன். தவறுதலாகத்தான். புதிதாக வரையச் சொன்னார்கள். நாள் முழுக்க அதே வளைவுகள்.

வெந்தயம் மறந்துபோயிற்று.

26 மார்ச், சனி

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. முன்னறையில் கட்டில். பேசுவதில்லை. கூடாரங்களை விற்கச் சொன்னார். அது ஒன்றுதான் இன்றைய பேச்சு.

பின்னேரம் நான் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருக்க, விறாந்தையில் அம்மா தொலைபேசியில். கிளென் வேவர்லி அன்ரியோடு. அவரிடம் சொன்னால் மெல்பேர்ணில் உள்ள அத்தனை தமிழ்க் குடும்பமும் ஞாயிறு இரவுக்குள் கேள்விப்பட்டுவிடும்.

"நாங்கள்தான் வேண்டாமெண்டனாங்கள். நல்ல பெடியன்தான், ஆனா கண் சுத்தமாத் தெரியாது. ஓம், முக்கால் குருடு. மறைச்சுப்போட்டு வந்திருக்கிறான். எங்கட இவர் அவனைப் பிடிச்சுக்கொண்டு நடந்தபடியால்தான் விழுந்தவர். பரம்பரையோ என்னவோ, ஆர் கண்டது. உங்கட மச்சாளின்ர மகளுக்கும் கேட்டவையெல்லே? சொல்லிவிடுங்கோ..."

ஈரக் கையோடு போய்த் தொலைபேசிக் கொக்கியை அழுத்தினேன்.

"உனக்கென்ன விசரே?"

சொன்னேன். எல்லாம். உப்புப் போத்தல், கடவை, வேரில் கொழுவிய கண்ணாடி, சட்டைப்பை. நின்ற நிலையில், ஒரே மூச்சில். முன்னறைக் கதவு பாதி திறந்திருந்தது.

அம்மா கிட்ட வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். எட்டி அந்தக் கதவைச் சாத்தினார்.

"வேற ஆருக்கும் தெரியுமோ?"

"அவருக்குத் தெரியும்."

"அவன் சொல்லுவானோ?"

"சொல்லமாட்டார்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப சரி." சேலைத் தலைப்பால் தொலைபேசியில் பட்டிருந்த ஈரத்தைத் துடைத்தார். "போய் அப்பாவின்ர காலுக்குக் கீழ தலகாணியை உயர்த்திவிடு. வீங்கப்போகுது."

டயல் சுற்றுகிற சத்தம்.

"ஓம், நான்தான். லைன் அறுந்துபோச்சு. எதில விட்டனான்? ஓம், அந்தப் பெடியன்ர கண்."

தலையணையை உயர்த்தினேன்.